தேயாத பிரேக் கட்டை

மலையடிவாரம்,
பெட்ரோல் பங்க் மாடி அறை

அன்பு மருமகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கு நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. அவை உனக்குத் தனியாகக் கடிதம் எழுதும்.

உலக வரலாறு இன்று காலை புரண்டு படுத்தது. கடைத் தெருவில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த உன் மாமா, ஒரு யானைக்குட்டியின் எடையோடு, இந்த மலைத்தொடரைச் சைக்கிளில் கடக்கப் புறப்பட்டான். ஊரே திரண்டு வழியனுப்பியது என்று எழுத ஆசைதான். வந்தது உன் அம்மா மட்டும். அவளும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உன் அப்பாவின் ஹெல்மெட் வாரை நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "இவர பத்திரமா மக கையில கொண்டுபோய் விடு. வழியில ஏதாவது ஆச்சு, நீ அப்படியே மலை மேல குடியிருந்துக்கோ. இந்தப் பக்கம் வந்துடாத" என்றாள். என் அக்கா பாசத்தை எப்போதும் இப்படித்தான் பொழிவாள்.

முதல் ஏற்றத்திலேயே கைபேசி செத்துவிட்டது. அதனால்தான் கடிதம். மலையைக் குடைந்த சுரங்கச் சாலை வழியாக உன் ஊருக்குப் பஸ் போகிறதாம். ஓட்டுநர் நல்ல மனிதர், நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நாங்கள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கி வருவதற்குள் கடிதம் வந்து, நீ படித்து, சிரித்து, மடித்தும் வைத்திருப்பாய்.

நீ போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. "அப்பா திரைய இழுத்து விட்டுட்டு இருட்டுலயே உக்காந்திருக்காராம் மாமா, எப்படியாவது வெளிய கூட்டிட்டு வாங்க" என்றாய். உன் அப்பா ஓட்டி வந்த ரயிலுக்கு முன்னால் அந்த மனிதர் வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் இருக்கிறார். ரயில் ஓட்டியவர் மீது தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். வேலைக்கு வரலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் வேலைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார். அது அங்கேயே தொங்குகிறது.

சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரிந்த ஒரே மருந்து சைக்கிள். என் கடையிலேயே உறுதியான இரண்டு இரும்பு வண்டிகளுக்குத் தடித்த டயர் மாட்டி, ஒன்றை அவர் முன்னால் நிறுத்தினேன். நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏற்றத்தில் உன் அப்பா எனக்குப் பின்னால் சாதுவாக வருகிறார். ஆனால் இறக்கம் வந்தால், அடடா, மனிதர் கழுகு! நான் சரளைக்கல்லில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, கை மரத்து, கிழவி மாதிரி முனகிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தால், அவர் எப்போதோ வந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். "என்ன மச்சான், பறந்தீங்களா?" என்றேன். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது.

உன் வைத்தியம் வேலை செய்கிறது, கவலைப்படாதே.

இப்படிக்கு,
மலைகளை மண்டியிட வைத்தவனும், இரண்டு இடங்களில் தானே மண்டியிட்டவனுமாகிய
உன் மாமா


சாலைப் பணியாளர் கொட்டகை,
இரண்டு மலைகளுக்கு நடுவில் எங்கோ

அன்பு மருமகளுக்கு,

முதல் கடிதம் கிடைத்திருக்கும். அதில் நான் அளந்ததில் பாதியைக் கழித்துப் படித்திருப்பாய். இதில் எதையும் கழிக்காதே.

ஆனாலும் பல் டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வழியில் எங்களோடு சேர்ந்துகொண்டவர், தனியாக வந்திருக்கிறார். அவர் சைக்கிளில் தொங்கும் பைகளை இறக்கி வைத்தால் ஒரு சின்னக் கிராமம் குடியேறலாம். மடக்கு நாற்காலி வைத்திருக்கிறார். மடக்கு மேசை வைத்திருக்கிறார். கேட்டால் மடக்கு மனைவிகூட எடுத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிடும்போது என் வாயையே உற்றுப் பார்க்கிறார். "பின்னாடி ஒண்ணு ஆடுதே சார்" என்று என் பசியைக் கெடுத்துவிட்டார்.

இன்று காலை இறக்கத்தில் அவர் என்னை நிறுத்தி, "உங்க மச்சானுக்குப் பிரேக்கே கிடையாதா? என்னைத் தாண்டிப் போனாரு பாருங்க, ஓரத்துல இருந்த ஆடெல்லாம் பாறை மேல ஏறிடுச்சு" என்றார். நான் பெருமையாக, "ரயில் ஓட்டினவர் சார், அவருக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றேன். பல் டாக்டர் சிரிக்கவில்லை. "கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

மத்தியானம் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் பாதை குறுக்கே வந்தது. கேட் இல்லாத கிராசிங். இரண்டு பக்கமும் புல், நடுவில் தண்டவாளம், ஒரு போர்டு, அவ்வளவுதான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா அந்தப் பக்கமே நிற்கிறார். தூரத்தில் வண்டி வரும் சத்தம். தண்டவாளம் பாட ஆரம்பித்துவிட்டது. "அங்கேயே இருங்க மச்சான், போகட்டும்" என்று கத்தினேன். கத்தினால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார். ஆனால் கேட்ட மாதிரி தெரியவில்லை. ரயில் வந்தபோது முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். ஒவ்வொரு பெட்டியும் எங்கள் இருவருக்கும் நடுவே ஓடி முடிய ஒரு யுகம் ஆனது. பெட்டிகளின் இடைவெளியில் அவர் முதுகு தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாண்டி வந்தபின் அவராகவே பேசினார். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! "அவரும் இப்படித்தான் மாப்ள, சைக்கிளத் தள்ளிட்டு வந்தாரு. நான் பிரேக் போட்டேன். முழுசாப் போட்டேன். அது நிக்கிற தூரத்துல அவரு இல்ல" என்றார்.

மருமகளே, அந்த மனிதர் கையில் சைக்கிள் இருந்தது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். நான்தான் ஒரு சைக்கிளைக் கழுவித் துடைத்து, மணி மாட்டி, அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் "சரி" என்றார்.

நாளைக்குப் பஸ்ஸைப் பிடித்துச் சுரங்கம் வழியாக வந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல, முடிச்சிடலாம்" என்றார். சாதாரணமான வார்த்தைதான். சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
பட்டத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கும்
உன் மாமா


கடைசிக் கணவாய்,
மேய்ப்பர்கள் தங்கும் கல் குடிசை

அன்பு மருமகளுக்கு,

இதைப் பல் டாக்டர் கொண்டு வருகிறார். அவருக்கு இடுப்பு பிடித்துவிட்டது. சாலைப் பணி லாரி அவரையும் நாற்காலியையும் மேசையையும் ஏற்றிக்கொண்டு இன்று மாலையே உன் ஊருக்கு இறங்குகிறது. அவர் உன் பல்லைப் பார்க்கக் கேட்டால் காட்டிவிடு, பாவம்.

அந்த லாரியில் உன் அப்பாவையும் ஏற்றிவிட என்னால் ஆனதெல்லாம் செய்தேன். காய்ச்சல் வந்ததாக நடித்தேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ வேணா லாரில போ மாப்ள. நான் மெதுவா வந்துடறேன்" என்றார். மெதுவாகவாம். உடனே எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

இன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இந்தச் சரளைப் பாதையில் இறங்கினால் பிரேக் கட்டை சாக்பீஸ் மாதிரி கரையும். கல்தூளும் ஈரமும் சேர்ந்து அரைத்துவிடும். என் வண்டியில் இதற்குள் இரண்டு ஜோடி மாற்றிவிட்டேன். பல் டாக்டர் வண்டியில் ரப்பர் தீர்ந்து இரும்பு தெரிந்தது, நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அப்படியே உன் அப்பாவின் வண்டியையும் கவிழ்த்துப் போட்டேன். கட்டையில் இருக்கும் வரிப்பள்ளம் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் அச்சில் வார்த்த ரப்பர் பிசிறுகூடப் போகவில்லை. என் கடை டப்பாவிலிருந்து எடுத்தபடியே, புத்தம் புதுசாக.

அவர் ஒரு இறக்கத்திலும் பிரேக் பிடிக்கவில்லை அம்மா. ஒன்றில்கூட.

நான் கழுகு என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு.

கம்பியைச் சோதித்தேன். நன்றாகவே இழுக்கிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அந்தப் புதுக் கட்டையைக் கழற்றிவிட்டு வேறு புதுக் கட்டை போட்டேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அவர் குடிசை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்துற?" என்றார். "அதான் மச்சான், நல்லா இருக்கேன்னுதான்" என்றேன்.

நாளைக் காலை இறங்குவதுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய இறக்கம். இங்கே நின்றால் தெரிகிறது. பாறையைச் செதுக்கிப் போட்ட ஒற்றைத் தடம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் நான் வழக்கமாகப் பெருக்கிச் சொல்வேனே, அந்த ஒன்றுமில்லை அல்ல. ஒரு கல்லை உதைத்தேன். சத்தம் வரக் காத்திருந்தேன், வரவில்லை. தடம் வளைந்து வளைந்து கீழே ஆற்றுப் பாலத்தில் போய் முடிகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தார் ரோடு, உன் ஊர்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நாளை நான் முன்னால் போகப்போகிறேன். உன் மாமாவின் வயிற்றை இவ்வளவு அகலமாகப் படைத்த காரணம் இந்த வயதில்தான் எனக்கு விளங்கியிருக்கிறது. அந்தத் தடத்தில் என்னைத் தாண்டி ஒரு பூனைகூடப் போக முடியாது. நான் ஊர்ந்துதான் போவேன். மணியை அடித்துக்கொண்டே போவேன். எனக்குப் பின்னால் வருகிறவர் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். இல்லையென்றால், அவருக்கு முன்னால் மறுபடியும் ஒரு சைக்கிள்காரன் இருப்பான்.

இதை அவரிடமே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசும் என் கலை இந்த உயரத்தில் வேலை செய்யவில்லை. "நாளைக்கு நான்தான் முன்னாடி" என்றேன். "வேண்டாம்" என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீ பின்னாடி வா, இல்லன்னா லாரில போ. என் முன்னாடி மட்டும் போகாத" என்றார். இதுவரை என் கையைப் பிடித்துப் பேசியதே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. நான் முடியாது என்றேன். உன் அம்மாவின் தம்பி வேறு என்ன சொல்வான்? எங்கள் அம்மா வயிற்றில் இருந்த பிடிவாதத்தில் பாதியை அவள் எடுத்துக்கொண்டு மீதியை எனக்கு விட்டு வைத்துத்தான் பிறந்தாள்.

கையை விட்டுவிட்டு அந்தத் தடத்தின் பக்கம் திரும்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "எவ்வளவு தூரம் விட்டு வரணும்?" என்று கேட்டார்.

ரயில்காரர் கேட்கிற கேள்வி அது. நிறுத்த நினைக்கிறவன்தான் அந்தத் தூரத்தைக் கேட்பான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படியே எடுத்துக்கொள். "என் மணிச் சத்தம் கேக்குற தூரம்" என்றேன். தலையை ஆட்டினார். இப்போது என் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பிரேக்கை அவர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

லாரி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். நாளை ஒரு ஷிப்ட் விடுப்பு கேள். தரவில்லையென்றால் மாமா செத்துவிட்டதாகச் சொல். வேண்டாம், அதைச் சொல்லாதே. வேறு ஏதாவது சொல். காலையிலேயே பாலத்துக்கு வந்துவிடு. உன்னிடம் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு இருக்கிறதே, அவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று நான் கேலி செய்வேனே, அதைப் போட்டுக்கொள். மேலிருந்து பார்த்தாலே நீ தெரிய வேண்டும். அவர் இறங்கும் வழியெல்லாம் நீ தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இன்று போன் செய்தால் நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று மட்டும் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. எங்களைப் பார்த்ததும் ஓடி வராதே. வழியின் நடுவில் நிற்காதே. ஓரமாக நின்று கையை மட்டும் ஆட்டு.

மாமா