ரெக்ஸைக் கட்டிய நாள்

வைகாசி, செவ்வாய்க்கிழமை

காலையில் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது, பக்கத்து வீட்டு மேரி அக்காவின் கையை அவருடைய வெள்ளைக் குட்டிநாய் கடித்துவிட்டது. ஒரு சூடை மீனுக்காக. என் பெரிய ரொட்வைலர் நாய் ரெக்ஸ் கயிற்றோடு என் காலடியில் படுத்திருந்தது.

ஊசி போட அக்காவை நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். திரும்பும்போது சொன்னார்: "உம்மட நாயைக் கண்டுதான் என்ர குட்டி வெருண்டது. அதைச் சங்கிலியில கட்டி வையும்."

"ஓம் அக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டினேன். கடித்த நாய் அக்காவின் அடுப்படிக்குள் கட்டில்லாமல் திரிகிறது. ஒருவரையும் கடிக்காத ரெக்ஸ் பேசாமல் கழுத்தை நீட்டியது. நான் வளர்த்த நாயின் பல்லைப் பார்த்துக்கொண்டே சங்கிலியைக் கொளுவினேன்.

நானுமா பயந்தேன்?