உருண்டை போடாத மோட்டர்

றிஸ்னாவின் வாப்பாவுக்கு, அல்லாஹ் உங்கள் கப்றுக்குழியை விசாலமாக்கட்டும்.

உங்களுக்காக வீட்டோடு இருந்த இத்தா முடிந்து நான்காம் நாள் இதை எழுதுகிறேன். நாலு மாதமும் பத்து நாளும் நான் அழுதுகொண்டு மட்டும் இருந்ததாகக் கல்முனையில் எல்லோரும் நினைக்கிறார்கள். அழுதேன்தான். அழுதுகொண்டே மோட்டருக்குச் செம்புக் கம்பிக் கொயிலும் கட்டினேன். வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள், கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லையே.

இறக்காமத்து விவசாயி ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரை உங்கள் கடையில் திருத்தத் தந்திருந்தாரே, அதைத்தான். முதல் தடவை கருக்கிவிட்டேன். பார்த்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்? அந்தக் கோபத்திலேயே எல்லாவற்றையும் கழற்றித் திரும்பவும் கட்டினேன்.

நேற்றுக் காலை உங்கள் தம்பி லொறியோடு வந்தார். கொயில் சுற்றும் மெஷினைத் தன் கடைக்குக் கொண்டுபோகப் போகிறாராம்.

"பொம்புளைக்கு இந்த வேல சரிவராது மதினி. கடைய ஆருக்கும் வாடகைக்குக் குடுங்க."

கடை இருப்பது என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டின் முன்னறை. அதை அவர் மறந்துவிட்டார் போலும்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றேன். சுழலும் ரோட்டரைப் போடாமல், நான் சுருள் கட்டிய வெறும் கூட்டுக்கு மட்டும் கரண்டைக் குறைத்துக் கொடுத்தேன். மெல்லிய இரைச்சல் வந்தது. எதுவும் அசையவில்லை.

"பாத்தீங்களா, ஒண்டும் இல்ல" என்றார்.

கூட்டுக்குள் இரும்பு உருண்டையைப் போட்டுச் சோதிக்கும்போது நீங்களும் இப்படித்தானே சொல்வீர்கள்? "உருண்டை ஓடினாத்தான் காந்தம், இல்லாட்டி ஒண்டும் இல்ல." உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த திமிரில் நான் விடமாட்டேன். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றியுள்ள இடமே மாறிவிடுகிறது, அதுதான் காந்தப்புலம். யார் வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே இருக்கும். அந்த இடத்துக்குள் ஓர் இரும்போ இன்னொரு காந்தமோ வந்தால் அதன்மேல் ஏற்படும் இழுப்பும் தள்ளலும்தான் காந்த விசை. விசை தெரியவில்லை என்பதற்காகப் புலம் இல்லை என்று ஆகிவிடாது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவையாவது ஓம் என்றீர்களா?

பெயாரிங்கில் இருந்து கழற்றிய இரும்பு உருண்டையை எடுத்துக் கூட்டுக்குள் போட்டேன், கட்டி முடித்ததும் நீங்கள் போட்டுப் பார்ப்பீர்களே, அதேபோல. அது உட்சுவரை ஒட்டியபடி சுற்றிச் சுற்றி ஓடியது. உங்கள் தம்பி குனிந்து பார்த்தார்.

"இத ஆரு மதினி கட்டின?"

"நான்தான்."

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

நீங்கள் ஒரு புலமாக என்னைச் சூழ்ந்திருக்கிறீர்கள் என்று எழுதினால் படிக்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். எழுதமாட்டேன். நீங்கள் இல்லை. கட்டிலில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இல்லாததால் நானும் இல்லை என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். இத்தனை காலமும் என்னிடம் யாரும் உருண்டையைப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாளை மோட்டர் இறக்காமம் போகிறது. அடுத்தது கடையின் பெயர்ப்பலகை. உங்கள் பெயரை அழிக்கமாட்டேன், அது சத்தியம். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், என் பெயரையும் எழுதுவேன்.

உங்களோடு இன்னும் வாதாடி முடிக்காத மனைவி,
றிஸ்னாவின் உம்மா,
அனீசா