சிவப்பு வண்டி வேண்டாம்

என்னங்க,

நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நான் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். அதனால்தான் டிபன் டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். இன்றைக்கு அந்தச் சிவப்பு வண்டியைப் புக் பண்ணப் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்த பைக்கை ஓட்டிப் பார்த்தபோது, ஜூஜுவாடி சிக்னலில் நின்ற வண்டி திடீரென்று துள்ளி முன்னால் இருந்த லாரியின் டயர் வரை போனதே. "புது வண்டிடி, பழகிடும்" என்றீர்கள். வண்டியை ஷோரூமில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வரும்வரை இடது கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவில்லை. பிரஸ் மெஷினில் மாட்டியதிலிருந்து அந்தக் கை எங்கே வெளியே வருகிறது?

நேற்று நான் மட்டும் ஷோரூம் போனேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, மிச்சம் இரண்டு விரலால் ஒவ்வொரு வண்டியின் கிளட்சையும் பிடித்துப் பார்த்தேன்.

"ஏம்மா இப்படிப் புடிக்கறீங்க?" என்றார் சேல்ஸ்காரர்.

"எங்க வீட்டுக்காரர் இப்படித்தாங்க புடிக்கணும்" என்றேன்.

சிவப்பு வண்டியில் பத்து எண்ணுவதற்குள் கிளட்ச் நழுவிவிட்டது. ஓரமாக நின்ற கறுப்பு வண்டியில் அறுபது எண்ணினேன். நழுவவில்லை.

வருகிற ஞாயிறு சேர்ந்தே போவோம். உங்கள் கையைப் பற்றி சேல்ஸ்காரருக்குத் தெரியும். அதை வெளியே வைத்துக்கொண்டே வாருங்கள்.

உங்கள் பின்சீட்டுக்காரி