லைன் கிடைக்கவில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் சின்னவளும் நலமா? அவளுக்கு இருமல் விட்டதா? இங்கே காற்று அதிகம். இரண்டு நாளாக யாரையும் மின் கோபுரத்தில் ஏற்றவில்லை. கம்பிச் சுருள்களுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல வராத விஷயம், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இரண்டு மாதமாக, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை உன் லைன் கிடைப்பதில்லை. கேட்டால் அக்காவோடு பேசினேன் என்றாய். உன் அக்காவிடம் தினம் இரண்டு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? நான் போனும் கையுமாக நிற்பதைப் பார்த்து, கூட வேலை செய்யும் குருவி சிரித்தான். "லைன் இழுக்க நீ இங்க வந்துட்ட. அங்க எவனோ லைன் போடுறான்போல, பாத்துக்கப்பா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பிழைப்பே அந்த ஒரு வார்த்தைதான். நான் ஏறுவது கரண்ட் லைன், நாம் குடியிருப்பது லைன் வீடு. தண்ணீர் பிடிக்க லைனில் நின்றபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். "எங்க வீட்டுப் பொண்ணுக்கே லைன் போடுறியாடா?" என்று உன் அண்ணன் சட்டையைப் பிடித்தார். அன்றைக்கு அது இனித்தது. குருவி வாயில் அதே வார்த்தை வேப்பங்காயாகக் கசந்தது.

போன சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. எதிரே சைக்கிள் கடை ஓரம் திருடன் மாதிரி நின்றேன். நீ ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சிரித்தபடி, "சொல்லுங்க சார்" என்றாய். எவன் அந்த சார் என்று ரோட்டைத் தாண்டிப் பாதி வந்துவிட்டேன்.

அப்போதுதான் மீதியும் கேட்டது. "தெரு முழுக்கப் போச்சா சார், உங்க வீட்டுல மட்டுமா? அறுந்து கிடக்குற லைன் கிட்ட யாரையும் போக விடாதீங்க." கரண்ட் ஆபீசுக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுகிறாய் என்று புரிந்தது. ஏன் மறைத்தாய் என்றும் புரிந்தது. கல்யாணமான புதிதில் நீ வேலைக்குப் போகிறேன் என்றபோது, "நான் சம்பாதிக்கிறது பத்தாதா?" என்று குதித்தவன் நான்தானே.

உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகம் போனது, பொறாமை போகவில்லை. அடுத்து ஒரு பெரியவர் பேசினார்போல. "பதறாதீங்கய்யா, மெழுகுவத்தி இருக்கா? ஆளு வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்றாய். என்னிடம் பேசும்போது "ம்", "சரி", "வச்சிடவா" தவிர வேறென்ன சொல்கிறாய்? முகம் தெரியாத ஊராருக்கெல்லாம் அந்தக் குரலா? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இனிமேல்தான் நீ சிரிப்பாய், அல்லது திட்டுவாய். செவ்வாய்க்கிழமை அந்தப் புகார் எண்ணுக்கு நானே போட்டேன். இரண்டு முறை வேறு பெண்கள் எடுத்தார்கள், வைத்துவிட்டேன். மூன்றாவது முறை நீ. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "வீட்ல லைன் இல்லம்மா" என்றேன். எத்தனை நேரமாக என்று கேட்டாய். வாய்க்கு வந்தபடி, "ரொம்ப நாளா" என்றேன். நீ பதறிப்போய், "ஐயோ, ஏன் சார் இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?" என்றாய். கட் பண்ணிவிட்டேன்.

அந்த வேலையை விடாதே. நான் குதித்தது தப்பு. அன்று உனக்காகப் பரிந்து பேசிய உன் அண்ணனிடமும் சொல்லிவிடு, நான் சம்மதித்துவிட்டேன் என்று.

இருட்டில் தவிப்பவர்களுக்கெல்லாம் உன் குரல் கிடைக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லையென்றால் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். என்னிடம் என்ன குறை என்று நீயும் சொல். நான் நடுவில் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்