பழனியப்பன் கத்தியின் வில்

அன்புள்ள மச்சான்,

கூப்பிட்டால் தலையைத் தூக்காமலே "என்ன மாப்ள" என்பீர்கள். இப்போது அந்தக் குரல் வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். நாலு பேர் படிக்கும்படி இதை எழுதச் சொன்னது என் அக்கா, உங்கள் சம்சாரம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் இங்கத்திய செய்தி. புதுச்சத்திரத்தில் நம் பட்டறை அதே இடத்தில்தான் இருக்கிறது. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் தகரம் அதிர்வதும் நிற்கவில்லை. கத்தி கேட்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் தன் கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இந்தக் கைக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்றார். நேரில் வந்து களிமண்ணில் கைப்பிடி பதித்துக் கொடுக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, போனை வைத்துவிட்டேன்.

தெம்பு இல்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை மச்சான். தூங்கி எழுந்தால் தூங்கப் போனபோது இருந்த அதே களைப்பு. தோளுக்கு மருந்து தடவுகிறேன். வலி தோளில் இல்லை என்று எனக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து அலகு செய்வது நீங்கள். மடக்கினாலும் விரித்தாலும் அலகை நிறுத்திப் பிடிக்கிற எஃகு வில் பிடியின் முதுகில் இருக்கும், அதைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் போடுவதும் நீங்கள். கொம்பிலோ புளியங்கட்டையிலோ பிடி செதுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஆணி அடிப்பது நான். பதினெட்டு வருசம் இப்படித்தான் ஓடியது. கத்தி கேட்டு வருகிறவர் கையில் ஏரிக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுப்பீர்கள். அவர் இறுக்கிப் பிடித்துவிட்டுத் தருவார். விரல் பதிந்த அந்த உருண்டை காய்ந்ததும் எனக்கு வரும், அதைப் பார்த்துத்தான் நான் செதுக்குவேன். உருண்டையின் அடியில் ஆணியால் நீங்கள் ஏதாவது கீறி வைப்பீர்கள். பெரும்பாலும் பேரும் ஊரும்தான். அதனால் நான் திருப்பிப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

எருமப்பட்டி பழனியப்பன் ஞாபகம் இருக்கிறதா? வெங்காயக் காட்டுக்காரர். மூட்டைக் கயிறு அறுக்கவும் ஆட்டுக்குத் தழை கழிக்கவும் ஒரு கத்தி கேட்டார். அந்தச் சமயம் உங்களுக்கு வாரம் இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். போய்வந்த மறுநாள் பட்டறையில் உட்காருவீர்கள். டம்ளரைப் பிடித்தால் டீ ததும்பும். சுத்தியலைப் பிடித்தால் மட்டும் கை நிற்கும். நான் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் கத்தியைச் சேர்த்து முடித்தேன். விரித்துப் பார்த்தால் நகம் பெயர்ந்துவிடும்போல இருந்தது, வில் அவ்வளவு கடுசு. 'பாவம், மச்சானுக்குப் பதம் தப்பிவிட்டது' என்று நினைத்தேன். உங்களுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று கேட்கவில்லை. ஆணியைப் பிடுங்கி, வில்லைச் சாணையில் பிடித்து, இரண்டு பக்கமும் மெலிய வைத்து, மறுபடி சேர்த்தேன். வெண்ணெய்போல விரிந்தது. உங்களுக்கு நல்லது செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. அலகில் உங்கள் முத்திரை, பிறையும் கீழே ஒரு புள்ளியும், பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரம் அவர் வாங்கிப் போனார். அதற்கடுத்த மாசம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்த கொஞ்ச நாளில் அவர் வந்தார். வலது ஆள்காட்டி விரலில் கட்டு. அக்கா போடும் டீயைக் குடிக்க வந்த லாரிக்காரர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். தழை கழிக்கும்போது அலகு மடங்கி விரலில் இறங்கிவிட்டது என்றார். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை, முதல் கணுவோடு எடுத்துவிட்டார்களாம்.

"பட்டதே தெரியலீங்க. ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது," என்றார். பிறகு அவரே சொன்னார்: "அவரக் குத்தஞ்சொல்ல வரலீங்க. போற காலத்துல கை நடுங்கியிருக்கும். அதானுங்களே?"

"ஆமாங்க," என்றேன்.

ஒரே ஒரு வார்த்தைதான். பயந்துபோய் வந்த வார்த்தை. அக்கா டீயோடு உள்ளேயிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். லாரிக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். பழனியப்பன் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு இனி இது வேண்டாமுங்க" என்று பஸ் ஏறப் போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா செய்ததை நீங்கள் கேட்க வேண்டும். நீங்கள் கடைசியாகச் செய்த கத்திகளை வாங்கியவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். "அவுரு ஒடம்பு முடியாதப்பப் பண்ணுனதுங்க. ஒருக்கா கொண்டாந்து காட்டீட்டுப் போயிருங்க. இன்னொருத்தரு கையில பட்டுறக் கூடாது பாருங்க," என்று ஒரே மாதிரிச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கத்திகள் வந்தன. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் பஸ்ஸில் கொண்டுவந்தார். ராசிபுரத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். ஒவ்வொன்றையும் விரித்து, மடக்கி, அலகைக் கட்டையில் குத்தி, பாரம் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை மச்சான். அத்தனையும் கல்லுப்போல நின்றன. ஒவ்வொரு தடவையும் அக்கா வாசல்படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்குதுக்கா" என்பேன். "செரி" என்று உள்ளே போய்விடுவாள். நல்லது என்று சொல்லிச் சொல்லியே ஒருவன் இவ்வளவு ஓய்ந்துபோக முடியுமா?

கடைசியாக வந்ததை அனுப்பிவிட்டு, அந்த ஒன்றில் மட்டும் வில் ஏன் அவ்வளவு கடுசாக இருந்தது என்று பரணில் களிமண் உருண்டைகளைத் தேடினேன். பழனியப்பனுடையது மூலையில் கிடந்தது. முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் கோணல் எழுத்து: 'வெரலு மரத்துப்போச்சு. பட்டாத் தெரியாது. வில்லு கெட்டியா வெக்கணும். ரெண்டு கையால தெறக்கச் சொல்லியாச்சு.'

கை நடுங்கவில்லை. பதம் தப்பவில்லை. அலகு தானாக மடங்கிவிடக் கூடாதென்று அவர் விரலுக்காகவே நீங்கள் வில்லை அப்படி வைத்திருக்கிறீர்கள். நான்தான் அந்த இறுக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, உங்கள் முத்திரையோடு அவர் கையில் கொடுத்திருக்கிறேன். நோயாளி என்று பரிதாபப்பட்டதில் நீங்கள் யார் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உருண்டையை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள்.

"அவுருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல சாமி," என்றாள்.

"கேட்டா வருத்தப்படுவாருன்னு..."

"கேக்காம உட்டதுக்குத்தான் வருத்தப்படுவாரு." உருண்டையைத் திருப்பி விரல் தடத்தைப் பார்த்தாள். பிறகு, "இத்தன நாளா என்ர புருசன் செஞ்ச கத்தி ஒவ்வொண்ணையும் சந்தேகப்பட வெச்சுட்டயே," என்றாள். அப்போதுதான் அழுதாள். உங்கள் சாவுக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அழுது முடித்தபிறகு சொன்னதுதான் இந்தக் கடிதம்: "நாலு பேரு முன்னால ஆமான்னு தலையாட்டுன. நாலு பேரு முன்னாலயே இல்லைன்னு சொல்லு. மொதல்ல அந்த எருமப்பட்டிக்காரருகிட்டப் போயிச் சொல்லு."

இந்தக் கடிதத்திலேயே நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். அந்த லாரிக்காரர்களில் ஒருவராவது இதைப் படிப்பாரா என்று தெரியவில்லை. இந்த ரோட்டில்தான் போய்வருகிறார்கள், பார்த்தால் நிறுத்திச் சொல்வேன். இனி மிச்சம் பழனியப்பன். போன் செய்தேன். பேச்சை ஆரம்பிப்பதற்குள், "நேர்ல வாங்க, காட்டுலதான் இருப்பேன்," என்றார். என்னத்தைக் கேட்பாரோ, திட்டுவாரோ, திட்டாமல் இருந்துவிடுவாரோ. திட்டாமல் இருந்தால்தான் எனக்குக் கஷ்டம்.

புது வில் ஒன்றை நானே அடித்திருக்கிறேன். மூன்று தடவை பதம் தப்பியது, நாலாவது நின்றது. உங்கள் அலகை அப்படியே வைத்துக்கொள்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. பிடியைத்தான் இன்னும் செதுக்கவில்லை. பழைய உருண்டையைப் பார்த்துச் செதுக்கலாம் என்று உளியை எடுத்தேன். அதில் ஆள்காட்டி விரல் முழுசாகப் பதிந்திருக்கிறது மச்சான். அந்தக் கை இப்போது அவருக்கு இல்லை. உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏரியில் போய்க் களிமண் எடுத்துவந்து பிசைந்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸுக்கு எருமப்பட்டி போகிறேன். நடந்ததை முதலில் சொல்வேன். கேட்டபிறகும் அவர் கத்தி வேண்டுமென்றால் களிமண்ணைக் கையில் கொடுப்பேன். வேண்டாமென்றால் திருப்பிக் கொண்டுவருவேன். கொடுத்தால், அந்தக் குறைவிரல் பதிந்தபடி வாங்கி, அடியில் உங்களைப்போலவே ஆணியால் கீறுவேன்: அவர் பேர், ஊர், மரத்த விரல், அந்த விரல் எப்படிக் குறைந்தது, யாரால் குறைந்தது. இனி நம் பட்டறையில் எந்த உருண்டையையும் திருப்பிப் படிக்காமல் உளியைத் தொட மாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

காலையில் பஸ்ஸுக்கு எழ வேண்டும் என்று அக்கா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். போய்ட்டு வாரேன் மச்சான்.

கேட்காமல் விட்ட உங்கள் மாப்ள,
உங்கள் சம்சாரத்தின் தம்பி,
தங்கராசு