எட்டை விட்டு இறங்காத கால்கள்

செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்த என் மச்சானுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் செருப்பு என் பட்டறையில், வெல்டிங் ராடு வைக்கும் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. உன் தங்கச்சி சாந்தி கேட்டதற்கு, பூங்காவில் யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

பூங்காவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். ஒரு மாதம் பூட்டி வைத்திருந்து திறந்துவிட்டார்கள். கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஜோடியாக உட்காரக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எட்டுப் போட்டு நடக்கும் கூழாங்கல் பாதையில் நீ விழுந்த இடத்தை ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். அந்த நாலைந்து கூழாங்கல் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. ஜனங்கள் அதன்மேல் மிதித்துத்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

வாட்ச்மேன் அறையில் தொங்கும் கருத்து நோட்டு அப்படியே இருக்கிறது. ‘பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாவின் பைப் கழன்று கிடக்கிறது. யார் மண்டையாவது உடைவதற்குள் எடுக்கவும்’ என்று நீ எழுதியது பதினோராம் பக்கத்தில். அதற்கு அப்புறம் வந்தவர்கள் நல்ல காற்று, கொசு அதிகம், கக்கூஸ் சுத்தமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவன், ஜோடிகளை விரட்டியதற்கு நன்றி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கினேன். தடுக்க வந்த வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். அவன் என்ன செய்தான், பாவம்.

அந்தப் பைப்பைப் பற்றி நோட்டில் எழுதுவதற்கு முன்னால் நீ என்னிடம்தானே சொன்னாய்? பத்து நிமிஷ வேலை, பட்டறைக்கு எடுத்துப் போய் ஒட்டு வைத்துவிடு என்றாய். நகராட்சிக்காரன் செய்யவேண்டியதை நான் ஏன் செய்யவேண்டும், நான் என்ன ஊருக்கு நேர்ந்துவிட்டவனா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். அந்தச் சிரிப்பு இப்போது என்னைக் குடைகிறது.

உன் எட்டுச் சட்டமும்தான். பென்னாகரம் ரூட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவன், உட்கார்ந்தே ஏறிப்போன சர்க்கரையை இறக்குவதற்குக் கூழாங்கல்லில் எட்டுப் போட்டு நடக்க ஆரம்பித்தாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வெறுங்காலில் நடக்க வேண்டும், கால் மணி நேரம் இந்தப் பக்கம், கால் மணி நேரம் அந்தப் பக்கம், நடுவில் பேச்சு கிடையாது, நிற்பது கிடையாது. ஒரு தடவை போன் வந்து நான் நின்றதற்கு எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாயே.

“எட்டுல கால வெச்சுட்டா எமனே வந்தாலும் நிக்கக் கூடாது மாப்ள. நின்னா மொதல்ல இருந்து நடக்கோணும்.”

அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். காலேஜ் பஸ்ஸுக்கு முன்னால் அந்தப் பையனும் பெண்ணும் வழக்கம்போல வேப்பமரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் இரண்டு பேரோடு பைக்கில் வந்தான். வந்த வேகத்தில் பையனைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தான். பல் உடைகிற சத்தம் எட்டுப் பாதை வரைக்கும் கேட்டது. பெண்ணை ஒருவன் கன்னம் கன்னமாக அறைந்தான். வாக்கிங் வந்தவர்கள் ஒவ்வொருவராக கேட் பக்கம் ஒதுங்கினார்கள். அவள் எங்கள் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

நீ இறங்கினாய். நான் நடந்தேன்.

ஏன் நடந்தேன்? பயம். அதை மூடிக்கொள்ள உன் சட்டம் கைக்கு வாகாக இருந்தது. இந்தச் சுற்றை முடித்துவிட்டுப் போகலாம், அதற்குள் அடங்கிவிடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே வளைவில் திரும்பினேன். நீ பஸ் ஓட்டும்போது ஆட்டுமந்தையை விரட்டப் போடுவாயே ஒரு சத்தம், அதே சத்தம் போட்டுக்கொண்டு அண்ணன்காரனின் கையைப் பிடித்து முறுக்கினாய். அவன் உதறிக்கொண்டு ஓடினான். ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சீசாவுக்குப் போய் அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் அடி தோளில். இரண்டாவது காதுக்கு மேல். நீ கையை உயர்த்தியபோது மூன்றாவது அடியில் மணிக்கட்டு மடங்கித் தொங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நடந்தேன், மச்சான். நீ தள்ளாடிக்கொண்டு என் பக்கம் வந்தாய். எட்டின் குறுக்கே, என் காலுக்கு முன்னால் குப்புற விழுந்தாய். நீ வழியில் விழுந்ததால்தான் நான் நின்றேன். விழாமல் இருந்திருந்தால் இன்னொரு சுற்று போயிருப்பேன்.

சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், தொப்பூர் தாண்டுவதற்குள் நீ அடங்கிவிட்டாய். போலீஸ் கேட்டபோது, டீ குடிக்க வெளியே போயிருந்தேன், திரும்பி வந்தால் நீ விழுந்து கிடந்தாய் என்றேன். சாந்தியிடமும் அதையேதான் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்க மட்டும் கூட இருந்திருந்தா விட்டுருப்பீங்களா என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

மூன்றாம் மாதம் அந்த அண்ணன்காரனுக்கு ஜாமீன் கிடைத்தது. வேலை செய்யும்போதெல்லாம் அவன் முகத்தில் கேஸ் டார்ச்சைப் பிடிப்பதுபோலவே நினைப்பு வரும். நினைப்பில் எனக்கு வீரத்துக்குக் குறைச்சலே இல்லை. நிஜத்தில் அவனுடைய சித்தப்பன் இரண்டு ஆட்களோடு பட்டறைக்கு வந்தபோது எழுந்து வணக்கம் போட்டேன். கிழவன் கால் தடுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்தான் என்பதுதான் அவர்கள் தரப்புக் கதையாம். ஒருவன் என்னைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் என் இடது கையை வைஸில் வைத்து முறுக்கினான். நான் தினமும் இரும்பை இறுக்குகிற அதே வைஸ்.

“நீ அன்னிக்கு அங்க இல்ல. அப்படித்தானே?” என்றான் சித்தப்பன்.

இல்லைங்க என்றேன். சொன்ன பிறகும் இன்னொரு சுற்று முறுக்கினான். இரண்டு விரல் நொறுங்கியது. வீட்டில், கைமேல் ஆங்கிள் இரும்பு விழுந்துவிட்டது என்றேன். உன் தங்கச்சி ஒன்றரை மாதம் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அதையும் வாயைத் திறந்து வாங்கினேன்.

போன மாதம் அந்தப் பெண் பட்டறைக்கு வந்தாள். கூடவே பையனும். அவனுக்கு இடது கண் போய்விட்டது, மச்சான். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அண்ணனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறாளாம். கட்டிக்கொண்டவன்மேல் உள்ள ஆசையில் பொய் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள், வேறு ஆள் ஒருவராவது வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம். நான் அங்கே இல்லையே அம்மா என்று ஆரம்பித்தேன். அவள் கோபப்படவில்லை.

“நீங்க எட்டுல நடந்துக்கினு இருந்தீங்க. உங்களப் பாத்துத்தாங்க நான் கத்துனேன். அவருதான் வந்தாரு.”

அன்று சாயங்காலம் உன் செருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாந்தியை உட்கார வைத்து, பைப்பிலிருந்து வைஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்தவள் உன் செருப்பைக் கையில் எடுத்தாள். என் முகத்திலும் தலையிலும் அடித்தாள். வார் பிய்ந்து உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகும் அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்க நின்றபோதுதான் பேசினாள்.

“எங்கண்ணன் செத்ததுக்கு அழுது முடிச்சுட்டேன். நீங்க உசுரோட இருக்கறதுக்கு இனிமேதான் அழோணும்.”

மறுநாள் காலையில் அவளே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இன்ஸ்பெக்டர் திட்டியதை நானும் அவளும் நின்றுகொண்டே கேட்டோம். எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கோர்ட். அன்று தொடங்கி அவள் என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் தட்டை வைத்துவிட்டு, சொல்லிட்டு வூட்டுக்கு வாங்க, சொல்லலன்னா அப்படியே எங்கியாவது போயிருங்க என்றாள். சித்தப்பன் ஆள் பட்டறைக்கு எதிரே காலையிலிருந்து பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். பயமாகத்தான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் போவேன், மச்சான். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அந்தப் பைப்பை மேஜைமேல் வைத்து, இதைத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்பேன். எப்படித் தெரியும் என்பார்கள். என் மச்சான் ஒட்டு வைக்கச் சொன்னான், நான் வைக்கவில்லை என்பேன். அவரை அடித்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். உன் தங்கச்சி காதில் விழும்படி சொல்வேன்.

நிற்கவில்லை ஐயா, நடந்துகொண்டிருந்தேன்.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உன் மாப்ள.