கழித்தால் மிஞ்சும் சத்தம்

பதிவு 1
மே 4, 22:40. நிலவின் தென்முனைக் குடியிருப்பு, ஆறாம் தளம், அறை 61.

பொருள்: கிட்டார் ஒலியைப் பெருக்கும் டியூப் ஆம்ப், ஒன்று. உள்ளே நான்கு கண்ணாடி டியூப்கள். பின்பக்கம் மூடிய மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர். சிற்றாலயப் பாடற்குழுவுக்காக முதல் கப்பலில் வந்தது. குழுவில் இப்போது கிட்டார் வாசிப்பது நான் மட்டும்தான். அதனால் என் துணி அலமாரிக்குள் இருக்கிறது. நிலவில் இது ஒன்றுதான்.

செய்தது: டியூப் ஒன்றை மாற்றிவிட்டுப் புது ப்ரொஃபைல் எடுத்தேன். சோதனை ஒலியை ஆம்புக்குள் அனுப்பினேன். ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக் அதைப் பதிந்தது. உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று ஒப்பிட்டுக் கணினி கற்றுக்கொண்டது. ஆம்ப் இல்லாதவர்கள் இந்தக் கோப்பை இறக்கி, அதன் வழியாகக் கிட்டார் வாசித்தால், இந்தப் பெட்டியே அவர்கள் அறையில் இருப்பதுபோல ஒலிக்கும். டியூப் ஒலி என்றால் உயிரை விடும் எங்கள் டியூப் கூட்டத்தில் பதினோரு பேருக்குக் கிட்டார் உண்டு, ஆம்ப் கிடையாது. ப்ரொஃபைல் போனால் பதினோரு ஆம்ப்.

முதல் ப்ரொஃபைலைப் போன மாதம் ஒரு மாலையில் எடுத்தேன். சுரங்கத்து டிரில் சத்தம் அதில் லேசாக விழுந்துவிட்டது. டிரில்கள் பத்து மணிக்கு, விளக்கணைக்கும்போது, நிற்கும். எனவே இந்த முறை இரவு.

விளக்கணைத்தபின் மின்சாரம் எடுப்பது குற்றம். ஹீட்டரை நிறுத்திவிட்டு அந்த அளவுக்கு மட்டும் எடுக்கிறேன். அம்மாவுக்கு என் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், முதல் தளத்தில், எல்லாத் தளங்களுக்கும் காற்று அனுப்பும் காற்றறையில்.

கணினியில் எழுதினால் நிர்வாகம் படிக்கும். ஆகவே காகிதம். முடிவு: நல்ல ப்ரொஃபைல் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பதிவு 2
மே 6, 23:15.

வந்த செய்திகள், அப்படியே:

"ஏட்டி ஜெனிட்டா, என்னத்தட்டி எடுத்து வச்சிருக்க? போன மாசம் அனுப்புனது சிங்கம். இது சளி புடிச்ச சிங்கம்." இது கில்டன், இரண்டாம் தளம். அவன் அப்பா சூப்பர்வைசர். அவன் காதும் சூப்பர்வைசர்.

"சளி அவ மைக்குக்கா இருக்கும். விடு கில்டன், நீ வாசிச்சா ரெண்டும் ஒண்ணுதான்." இது சபூரா, நான்காம் தளம்.

கில்டன் சொன்னதில் எனக்குக் கோபம். ஆனால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கழித்தல் சோதனை. ஒரே ஒலியை உண்மை ஆம்புக்கும் கொடுப்பது, ப்ரொஃபைலுக்கும் கொடுப்பது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. இரண்டும் ஒன்றென்றால் ஹெட்போனில் எதுவும் மிஞ்சாது. வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கேட்கும்.

பழைய ப்ரொஃபைலை நேற்றிரவு ஆம்போடு கழித்தேன். மிஞ்சியது. அடியில் ஒரு உறுமல். பழைய டியூபையே திரும்ப மாட்டினேன். அதே உறுமல். மைக்கை மாற்றினேன். அதே.

இன்று பள்ளி முடிந்து வந்து மாலையில் மறுபடி கழித்ததையும் இங்கே எழுத வேண்டும். மாலையில் லேசான டிரில் சத்தம் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அடிச்சத்தத்தில் சுத்தமான பூஜ்யம்.

இப்போது இரவு. உறுமல் இருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

பதிவு 3
மே 9, 01:50.

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

ஸ்பீக்கர் மூடிய பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று, ஸ்பீக்கர் தாளுக்குப் பின்னால் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. ஒயர் போகும் சிறு ஓட்டை வழியாக அறைக் காற்றும் பெட்டிக் காற்றும் மெதுவாகச் சமமாகும். அறையில் காற்று மெலிந்தால் ஸ்பிரிங் தளரும். அடிச்சத்தம் தொய்யும். ஆம்ப் சரியாக இருக்கிறது. டியூப் சரியாக இருக்கிறது. காற்று மெலிகிறது.

மூன்று இரவுகளாகக் கவனிக்கிறேன். விளக்கணைத்து அரை மணியில் உறுமல் தொடங்குகிறது. ஒரு மணிக்கு உச்சம். விடியல் மணி அடிப்பதற்குள் போய்விடுகிறது. இவ்வளவு மெதுவாகக் குறைந்தால் தூங்குகிறவர் காதுக்குத் தெரியாது. ஆம்பின் தகடுகூட இரவில் கூடுதலாகச் சுடுகிறது. சூட்டை எடுத்துப்போகக் காற்று போதவில்லை.

சுவரில் இருக்கும் அழுத்தமானி இரவு முழுவதும் 100, அதாவது முழுக் காற்று, என்றே காட்டுகிறது. அந்த எண் முதல் தளத்திலிருந்து வருவது.

எங்கள் தளத்தில் எல்லாருக்கும் காலையில் தலைவலி. புதுக் காற்று வடிகட்டியின் வாசனை, பழகிவிடும் என்று நிர்வாகம் சொன்னது. அம்மாவுக்கு மட்டும் பழகவில்லை. நர்ஸ், பிள்ளை சுமக்கும்போது இருப்பதுதான் என்றார்.

விளக்கில்லாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பதிவு 4
மே 12, 23:30.

பள்ளி ஆய்வகத்தில் பெரிய கண்ணாடிக் குடுவையும் காற்றுறிஞ்சும் பம்பும் உண்டு. இயற்பியல் செய்முறை என்று சொல்லி அனுமதி வாங்கினேன். ஸ்பீக்கர் பெட்டியையும் மைக்கையும் குடுவைக்குள் வைத்து, காற்றை உறிஞ்ச உறிஞ்ச உறுமலைக் கேட்டேன். இரவில் கேட்கும் அதே உறுமல் வந்தபோது பம்பின் முள் 52-இல் நின்றது.

100-க்கு 52. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் உடம்பைப் பழக்குவார்களே, அந்த உயரத்துக் காற்று. என் அம்மா ஒவ்வொரு இரவும் அங்கே ஏறி, காலையில் இறங்குகிறாள். வயிற்றில் பிள்ளையோடு.

அப்பாவுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். காற்றறையில் வேலை செய்கிறவருக்கு இது தெரிந்தால் உடனே சரிசெய்வார் என்று நினைத்தேன்.

அப்பாவின் பதில்:

"யம்மா, அத அழிச்சிரு. யார்ட்டயும் சொல்லிராத. கப்பல் பிந்திருச்சு, இருப்பு கொறவு. அதான் ராத்திரி மட்டும் உங்க தளத்துல கொஞ்சம் கொறைக்கோம். தூங்குதவனுக்கு எதுக்கு அவ்வளவு காத்துன்னு கேக்காவ. என் மீட்டர்ல எம்பது நிக்கிது. எம்பதுன்னா கொடைக்கானல்ல இருக்கமாரி. நானும் உங்கம்மையும் கல்யாணம் ஆன புதுசுல அங்கதான போயிருந்தோம்? ஒண்ணும் ஆகல. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் விடுவேனா? வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும். அழிச்சிருமா."

நான்கு முறை கேட்டேன்.

அப்பாவுக்குத் தெரியும். அவர் கைதான் அந்த வால்வைத் திருகுகிறது. நல்ல காற்றில் உட்கார்ந்துகொண்டு திருகுகிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, எண்பது என்று உண்மையாகவே நம்புகிறார்.

அவர் மீட்டர் எண்பது என்கிறது. என் ஸ்பீக்கர் ஐம்பத்திரண்டு என்கிறது. இரண்டில் ஒன்று நிர்வாகம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. என் ஸ்பீக்கருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அழிக்க மாட்டேன்.

பதிவு 5
மே 14, 00:20.

நேற்றுக் காலை அம்மாவை எழுப்ப வெகுநேரம் ஆனது. உதடு சாம்பல் நிறம். தோளைப் பிடித்து உலுக்கினேன். விழித்ததும் என்னை யார் என்பதுபோலப் பார்த்தாள். அதற்குப் பிறகு பயப்பட நேரம் இல்லை. பயம் இருக்கிறது. நேரம்தான் இல்லை.

நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவரவர் காதால் கேட்க வேண்டும். மற்றவர்களிடம் ஆம்ப் இல்லை. ஆனால் ஒவ்வொரு அறைச் சுவரிலும் நிர்வாகத்தின் அறிவிப்புப் பெட்டி இருக்கிறது. எல்லாம் ஒரே தயாரிப்பு. எல்லாம் மூடிய பெட்டி. திருவிழாவுக்குப் பாட்டுப் போட அதில் ஒரு சொருகுவாய் உண்டு.

நேற்று மதியம் எங்கள் அறைப் பெட்டியை, ஆம்பை எடுத்தது போலவே, ப்ரொஃபைல் எடுத்தேன். 14:00 மணிக்கு, நல்ல காற்றில். பொதுச் சேனலில், டியூப் கூட்டத்துக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும், இந்தக் குறிப்போடு போட்டேன்: சோதனை ஒலியை அறைப் பெட்டியில் போட்டு, கணினி மைக்கில் பதிந்து, பகலில் ஒருமுறை, இரவு ஒரு மணிக்கு ஒருமுறை கழித்துப் பாருங்கள். இரவில் உறுமினால், அது உங்கள் மூச்சில் பறித்தது. என் பெயரையும் போட்டேன். பெயர் இல்லாத ப்ரொஃபைலை எங்கள் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை.

மாலைக்குள் நானூறு பேர் இறக்கியிருந்தார்கள்.

19:00, நிர்வாகி, எல்லாத் தளங்களுக்கும்: "ஆறாம் தளத்தில் பரவிவரும் ஒலிக்கோப்பு, தொழில்நுட்பம் அறியாத ஒரு மாணவி செய்த பிழை. இறக்கியவர்கள் உடனே அழித்துவிட வேண்டும். நாளை முதல் இரவு நேரங்களில் அறிவிப்புப் பெட்டிகள் இயங்கா."

பிழை என்றால் பெட்டியை ஏன் அணைக்க வேண்டும்?

19:40, கில்டன்: "ஏட்டி, கிட்டார் ப்ரொஃபைல்லயே சொதப்புனவ, இப்ப காத்துக்கு டாக்டராயிட்டியா? ஒரு மணிக்கு நானே போட்டுப் பாக்கேன். ஒண்ணும் கேக்கலன்னு வையி, உன்ன சேனல் பூரா நாறடிக்கேன்."

நல்லது. போட்டுப் பார்.

அதே பதிவு, 01:25.

கில்டன், பொதுச் சேனலில்: "ஜெனிட்டா. நான் உன்னப் பொய்யின்னு காட்டத்தான் போட்டேன். ஏட்டி, இங்கயும் உறுமுது. ரெண்டாம் தளத்துல. எங்கய்யா சூப்பர்வைசருட்டி! அவருக்கே தெரியாதாம். இங்கயும் உறுமுதுட்டி."

சபூரா: "நாலுலயும் கேக்குது. என் வாப்பா செருப்ப மாட்டிட்டு நிக்கிறாஹ. எங்க போவணும்னு சொல்லு."

பதிவு 6
மே 15, 01:05.

இரவு. ஓர் இரவு பொறுங்கள், எல்லாத் தளமும் கேட்கட்டும் என்று சபூராவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அறிவிப்புப் பெட்டிகள் செத்துவிட்டன. இந்தக் குடியிருப்பில் கழித்துப் பார்க்க மிஞ்சியிருப்பது என் ஆம்ப் ஒன்றுதான். அதன் உறுமலைப் பொதுச் சேனலில் நேரடியாக விட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

01:12. நிர்வாகி: "அறை 61, ஒலிபரப்பை நிறுத்து. நிறுத்தும் வரை ஆறாம் தளத்து அழுத்தம் மேலும் குறைக்கப்படும்."

சொல்லிவிட்டார். சேனலில், எல்லாரும் கேட்க, அவர் வாயாலேயே.

01:20. உறுமல் ஏறுகிறது. ஒன்றை எழுதி அடுத்ததை எழுத மூச்சு வாங்குகிறது. அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன். படுத்தால் தூங்கிவிடுவாள்.

01:24. அப்பா:

"ஜெனிட்டா, அப்பா பேசுதேன். ரெண்டாம் தளத்து வால்வ நான் தொட்டதே இல்ல. அதுக்கு இங்க நூறுன்னு காட்டுது. அங்கயும் உறுமுதுன்னா இந்த மீட்டர் பூரா பொய்யி. எனக்கும் பொய்யி சொல்லிருக்கானுவ. கதவ உள்ள பூட்டிட்டேன். ஆறாம் தளத்து வால்வக் கையால தொறக்கப் போறேன். ஆனா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது, காத்து கூடிப்போனா கதவு சீல் பிச்சுக்கும். உன் ஆம்ப வச்சுச் சொல்லு. நீ சொல்லுததத்தான் கேப்பேன்."

01:26. சேனலில் சொன்னேன்: இருக்குப்பா.
01:29. இருக்கு. கொஞ்சம் கொறஞ்சிருக்கு.
01:31. காது அடைக்கிறது. நல்ல அடைப்பு. கொறையுது. தொறங்கப்பா.

01:33. நிர்வாகி: "விக்டோரியன், கதவைத் திற. இது கடைசி எச்சரிக்கை."
அப்பா: "கொஞ்சம் சும்மா இருங்க சார். பிள்ள சொல்லுதது கேக்கல."

01:36. உறுமல் பாதிக்கும் கீழே. அம்மாவின் உதட்டில் நிறம் வருகிறது. எதற்காக அழுகிறாய் என்று என்னைக் கேட்கிறாள். அப்பா பேச்சில் இரும்பு அறுக்கும் சத்தம் கலக்கிறது. அவர் கதவை அறுக்கிறார்கள்.

01:39. நூல் அளவு.
01:40. பூஜ்யம். அப்பா, பூஜ்யம். நிறுத்துங்க. போதும்.

01:41. பதில் இல்லை.

01:43. கில்டன்: "முப்பது பேரு இருக்கோம். காத்தற வாசலுக்குப் போறோம். எங்கய்யா முன்னால போறாரு, அவருக்கு எதுத்தாப்புல எவன் நிப்பான்னு பாப்போம்."

01:46. மறுபடி உறுமுகிறது. லேசாக. அப்பா கையில்லாத வேறொரு கை மூடுகிறது.

01:48. ஒலிபரப்பை நிறுத்தவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டேன். நடைவழியில் கதவுகள் திறக்கின்றன. கையில் டார்ச்சுடன் ஆட்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். மேலே என்றேன். ஐந்து தளம். அம்மா என் தோளைப் பிடித்து எழுந்துவிட்டாள். இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஆம்பை ஓடவிட்டுப் போகிறேன். ஹெட்போன் மேசையில் இருக்கிறது. மாட்டிக் கேளுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் ஜெயித்துவிட்டோம். ஆம்பை அணைத்து வையுங்கள், டியூப் வீணாகும்.

உறுமினால் இதைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். படிக்கட்டு நடைவழியின் இடது கோடியில். மேலே வாருங்கள்.